பழைய மூலை நாற்காலி வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்டிக் எனப்படும் பழம்பொருள் கடைகளிலும் ஏலப் பட்டியல்களிலும் ‘கார்னர் சேர்’ என்று வரும் நாற்காலியைப் பற்றி வாங்குபவர்கள் வழக்கமாகக் கேட்பவை இங்கே உள்ளன. அளவுகள் எல்லாம் பொதுவாகக் கிடைக்கும் நாற்காலிகளுக்கானவை. ஒவ்வொன்றும் கையால் செய்தது என்பதால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடும், குறையும். கடைக்குப் போகும்போது டேப், சின்ன டார்ச், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, இவ்வளவும் பையில் இருக்கட்டும்.

மூலை நாற்காலி என்றால் எது? சாதாரண நாற்காலியிலிருந்து எதில் வேறுபடுகிறது?

சதுரமான இருக்கை. ஆனால் அந்தச் சதுரம் நேராக இல்லாமல் சாய்சதுரமாகத் திரும்பியிருக்கும். ஒரு கால் உங்களுக்கு நேர் முன்னால், ஒன்று நேர் பின்னால், மற்ற இரண்டும் இடமும் வலமும். முன்காலைத் தவிர மற்ற மூன்றும் இருக்கைக்கு மேலேயும் குத்துக்காலாக நீண்டு, அரைவட்டமாக வளைந்த ஒரு கைச்சட்டத்தைத் தாங்கும். முதுகு சாய்வதும் கை வைப்பதும் அந்த ஒரே சட்டத்தில்தான். குத்துக்கால்களுக்கு இடையில் செதுக்கிய முதுகுப்பலகைகள் இரண்டு இருக்கும்.

முதுகு தாழ்வு. தரையிலிருந்து கைச்சட்டத்தின் உச்சி வரை 78 முதல் 84 செ.மீ. இருக்கும். சவரத்துக்கென்று செய்த வகையில் மட்டும் தலை சாய்க்க மேலே இன்னொரு முதுகு எழும்பியிருக்கும். அது அரிதாகத்தான் கிடைக்கும்.

அறையின் மூலையில் போடுவதற்காகவே செய்ததா?

பெயர் அப்படி இருந்தாலும் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது பெரும்பாலும் எழுதும் மேசைக்கான நாற்காலி. முன்பக்கத்து இரண்டு விளிம்பிலும் கைப்பிடி கிடையாது. அதனால் மேசைக்குள் நன்றாக நெருக்கிப் போடலாம், உட்கார்ந்தபடியே இடமும் வலமும் திரும்பலாம். அமெரிக்காவில் ‘ரவுண்டபவுட் சேர்’ என்றார்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. வாங்குபவர்களில் பலர் காலி மூலை ஒன்றை நிரப்பத்தான் தேடி வருகிறார்கள். ஆனால் இந்த நாற்காலி தன் முழுப் பயனையும் காட்டுவது மேசை முன்னால்தான். வீட்டில் எழுதும் மேசையோ தையல் மேசையோ இருந்தால் முதலில் அங்கே போட்டுப் பாருங்கள். நவீன மேசைகளின் உயரம் சுமார் 75 செ.மீ. நாற்காலியின் இருக்கை 43 செ.மீ. உயரத்துக்குக் கீழே இருந்தால் எழுதும்போது தோள் தூக்கிக்கொள்ளும். பழைய நாற்காலிகளில் பல, தேய்ந்தோ பூச்சி அரித்தோ போன பாதத்தை வெட்டியதால் இரண்டு மூன்று செ.மீ. குட்டையாக இருக்கும். அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே மாதிரித் தெரியும் வேறு நாற்காலிகளைக் கார்னர் சேர் என்று சொல்லி விற்கிறார்களே?

இரண்டு வகை அடிக்கடி குழப்பும். ஒன்று ‘ஸ்மோக்கர்ஸ் போ’. முதுகு இதைப் போலவே தாழ்ந்த அரைவட்டம்தான். ஆனால் இருக்கை ஒரே கனப் பலகை, கால்கள் அந்தப் பலகையின் அடியில் துளையிட்டுச் சொருகியவை, முன்னால் இரண்டு கால் இருக்கும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அலுவலகங்களிலும் மதுக்கடைகளிலும் புழங்கியது. நல்ல நாற்காலி, விலையும் குறைவு. ஆனால் மூலை நாற்காலி அல்ல.

இன்னொன்று ‘பர்கோமாஸ்டர்’ நாற்காலி. வட்ட இருக்கை, பிரம்புப் பின்னல், பெரும்பாலும் ஆறு வளைகால், முதுகில் முட்டை வடிவச் செதுக்குப் பலகைகள். டச்சுக்காரர்கள் வணிகம் செய்த சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் பத்தாவியாவிலும் (இன்றைய ஜகார்த்தா) 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செய்யப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் இதையே மறுபடி நிறைய நகலெடுத்தார்கள்.

நம் பக்கத்தில் செய்த மூலை நாற்காலி கிடைக்குமா?

கிடைக்கும், தேட வேண்டும். கம்பெனிக் காலத்திலும் அதன் பிறகும் ஆங்கிலேயர்களும் டச்சுக்காரர்களும் ஐரோப்பிய வடிவங்களைக் கொடுத்து உள்ளூர்த் தச்சர்களிடம் செய்து வாங்கினார்கள். அதனால் ஈட்டி, தேக்கு, கருங்காலி மரங்களில் மூலை நாற்காலிகள் உண்டு. இலங்கையில் செய்தவற்றில் நெடுன், முதிரை மரங்கள் வரும். கலமாந்தர் என்ற வரிவரியான கருமரம் கிடைத்தால் அது பெரிய விஷயம். அளவுக்கு மீறி வெட்டியதால் அந்த மரமே அருகிவிட்டது.

இந்தக் கரையின் தச்சுவேலை எவ்வளவு நேர்த்தியானது என்பதற்கு ஒரு சான்று. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் செய்த கருங்காலி நாற்காலிகளைப் பார்த்த 18ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், அவை இன்னும் பழையவை, 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் டியூடர் அரசர் காலத்தவை என்றே நம்பித் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்கு வாங்கிப் போட்டார். அவர் நம்பியதைப் பிறரும் நம்பி, அந்த வகை நாற்காலிகள் அதற்குப் பிறகும் வெகுகாலம் ‘டியூடர்’ என்றே அழைக்கப்பட்டன.

உள்ளூரில் செய்ததை அடையாளம் காண இரண்டு குறிகள் உதவும். ஒன்று, இருக்கை மெத்தையாக இல்லாமல் பிரம்பாக இருக்கும். வெக்கைக்கு அதுதான் சரி. இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத உள்சட்டமும் அதே உயர்ந்த மரத்தில் இருக்கும். இங்கிலாந்தில் மகோகனி மரத்தை வெளியிலிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்ததால் மறைவான இடங்களில் பீச், ஓக் போன்ற மலிவு மரத்தைப் போட்டார்கள். இங்கே தேக்கோ ஈட்டியோ உள்ளூர் மரம், சிக்கனம் பிடிக்க வேண்டிய தேவை குறைவு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, புதுச்சேரி, கொச்சி மட்டாஞ்சேரி ஆகிய இடங்களின் கடைகளில் தேடலாம். டச்சு, ஆங்கிலேய காலத்து நாற்காலிகளைக் கண்ணால் பார்த்துப் பழகக் கொழும்பு புறக்கோட்டையிலுள்ள டச்சுக் கால அருங்காட்சியகம் நல்ல இடம்.

எந்தக் காலத்து நாற்காலி வீட்டுக்குப் பொருந்தும்?

தோராயமாக மூன்று கூட்டம் உண்டு.

1720 முதல் 1750 வரை செய்தவை வால்நட்டிலும், நாட்டுப்புறத்தில் ஓக்கிலும் எல்மிலும் இருக்கும். முதுகுப்பலகை துளையில்லாமல், ஜாடி வடிவில் இருக்கும். முன்கால் மட்டும் வளைகால், மற்ற மூன்றும் கடைசல் பிடித்த நேர்கால் என்பது இக்காலத்தில் சாதாரணம். அதைப் பார்த்துக் கால் மாற்றப்பட்டதோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

1750 முதல் 1790 வரை மகோகனியின் காலம். பிரிட்டன் 1721இல் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்குச் சுங்கத்தை நீக்கியது. அதன் பிறகுதான் மகோகனி பெருகியது. முதுகுப்பலகையில் துளைவேலை, பாதத்தில் உருண்டையைப் பற்றிய நகம், அல்லது நேரான சதுரக் காலும் குறுக்குக் கம்பும் இருக்கும். கட்டுமானம் கனமாக, அகலமாக இருக்கும். பெரிய உடம்புக்காரர்களும் தைரியமாக உட்காரலாம்.

மூன்றாவது, 1890 முதல் 1914 வரை பழைய பாணியைத் திரும்பக் கொண்டுவந்து செய்தவை. கடைகளில் கிடைப்பதில் பெரும்பங்கு இதுதான். அளவில் சிறியது, கால் மெல்லியது, முதுகில் வெளிர்மரப் பதிப்புக் கோடுகள். வரவேற்பறையில் அழகுக்கு வைக்கச் செய்தது. பார்வைக்கு நன்றாக இருக்கும், விலையும் எட்டும். ஆனால் 80 கிலோவுக்கு மேற்பட்டவர் தினமும் உட்கார்ந்தால் ஓரிரு வருடத்தில் மூட்டு விடும்.

தினசரி உபயோகத்துக்கு என்றால், சதுரக் காலும் குறுக்குக் கம்பும் உள்ள 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி நாட்டுப்புற நாற்காலியையோ, உள்ளூரில் செய்த தேக்கு நாற்காலியையோ தேர்ந்தெடுப்பது நல்லது. நகப்பாதமும் செதுக்கலும் இல்லாததால் விலை குறையும். குறுக்குக் கம்பு இருப்பதால் கால் விரியாது.

கடையில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

கவிழ்த்துப் பாருங்கள். பாலிஷும் செதுக்கலும் மேலே இருக்கின்றன. நாற்காலியின் கதை அடியில் இருக்கிறது. கடைக்காரர் கவிழ்க்க விடவில்லை என்றால் அங்கே வாங்க வேண்டாம்.

முதலில் இருக்கையைத் தூக்கி எடுங்கள். பெரும்பாலான மூலை நாற்காலிகளில் இருக்கை, சட்டத்துக்குள் இறங்கி உட்காரும் தனிப் பெட்டி. எடுத்ததும் நான்கு சட்டமும் காலும் சேரும் உள்மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய முறையில் சட்டத்தின் முனை நாக்காகச் செதுக்கப்பட்டுக் காலின் துளைக்குள் போயிருக்கும். குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள். அந்த மர ஆணியின் தலை லேசாக வெளியே துருத்திக்கொண்டிருப்பது நல்ல குறி. வருடக்கணக்கில் சுற்றியுள்ள மரம் சுருங்கியதால் அப்படி ஆகிறது. உள்மூலையில் பளபளப்பான புது முக்கோணக் கட்டை, இரும்புப் பட்டை, ஃபெவிகால் வழிந்து காய்ந்த வெள்ளைத் திட்டு இருந்தால் மூட்டு ஏற்கெனவே ஒருமுறை விட்டிருக்கிறது.

அடுத்தது கைச்சட்டம். இந்த நாற்காலியில் அதிகம் உடையும் இடம் இதுதான். அரைவட்டம் ஒரே மரத்துண்டில் வருவதில்லை. இரண்டு வளைவுத் துண்டுகள் பின் குத்துக்காலின் மேல் சந்திக்கும். அந்த இணைப்பை மறைத்துக்கொண்டு மேலே ஒரு தடித்த துண்டு ஒட்டப்பட்டோ திருகாணியால் பிடிக்கப்பட்டோ இருக்கும். வளைவை நேரான பலகையிலிருந்து அறுத்து எடுப்பதால் இரண்டு கை முனைகளிலும் மரத்தின் ரேகை சட்டத்துக்குக் குறுக்கே ஓடும். அங்கே மரத்துக்கு வலு இல்லை. யாராவது கையைப் பிடித்துத் தூக்கினால் ரேகையோடு விரியும். விரலால் தடவி, சாய்வாக ஓடும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு கை முனைகளையும் பிடித்து மெல்ல வெளியே விரித்து, உள்ளே அழுத்துங்கள். அசைவு ஒரே இடத்தில் என்றால் ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது, ஒட்டிவிடலாம். மொத்தமும் நெளிந்தால் எல்லா மூட்டையும் பிரித்துக் கூட்ட வேண்டிவரும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, குத்துக்கால் இருக்கையைத் தாண்டும் இடம். சதுரமாக வரும் கால் அங்கே கடைசலில் ஒடுங்கி உருண்டையாகும். அந்தக் கழுத்தில் வண்ணம் மாறிய வளையம் தெரிந்தால் உடைந்து, உள்ளே கட்டை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். நன்றாகச் செய்திருந்தால் தாங்கும். ஆனால் மூன்று குத்துக்காலில் இரண்டு இப்படி இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியாகச் சமதரையில் வைத்து, ஒவ்வொரு மூலையாக அழுத்துங்கள். இரண்டு மூன்று மி.மீ. ஆட்டம் பாதம் தேய்ந்ததால் இருக்கலாம், அது குறையே அல்ல. அதற்கு மேல் ஆடினால் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

பழையதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

ஒரே சோதனையில் தீர்ப்புச் சொல்ல முடியாது. கீழே சொல்பவற்றில் மூன்று நான்கு ஒத்துப்போக வேண்டும்.

கடைசல் பிடித்த காலை வெர்னியர் காலிப்பரால் இரண்டு திசையிலும் அளவெடுங்கள். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் அதிகமும் அதற்குக் குறுக்கே குறைவுமாகச் சுருங்கும். அதனால் வட்டமாகக் கடைந்த கால் நாளடைவில் லேசான நீள்வட்டமாகும். 50 மி.மீ. விட்டத்தில் 1 மி.மீ. அளவுக்கு வித்தியாசம் வரலாம். சுத்த வட்டமாக இருந்தால் சந்தேகப்படலாம்.

சட்டத்தின் உட்பக்கம் அறுத்த தடத்தைப் பாருங்கள். கைரம்பத் தடம் நேர்கோடாக, இடைவெளி சீரில்லாமல் இருக்கும். வில்லாக வளைந்த தடம் என்றால் வட்ட ரம்பம். அது 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. கையால் செய்த பழைய திருகாணிக்குத் தலைப்பிளவு நடுவில் இராது, முனை மொட்டையாக இருக்கும். கூர்முனைத் திருகாணி 1840களுக்குப் பிறகு. கூட்டல் குறித் தலை 1930களுக்குப் பிறகு. ஒரு திருகாணியை மாற்றியிருக்கலாம், அதை வைத்து நாற்காலியையே ஒதுக்க வேண்டாம். ஆனால் திருகாணி இறங்கிய துளைக்குள் மரம் வெளுப்பாக இருந்தால் அது சமீபத்து வேலை.

தேய்மானம் மனிதர்கள் தொடும் இடத்தில் இருக்க வேண்டும். கை முனைகள், முன்காலின் உள்பக்கம், குறுக்குக் கம்பில் கால் வைக்கும் பகுதி ஆகியவை மழுங்கியிருக்கும். சட்டத்தின் உள்பக்கம் யார் கையும் படாது. அங்கேயும் தேய்ந்திருந்தால் உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள்.

இருக்கைக்குக் கீழே சட்டம் ரொம்ப ஆழமாக இருக்கிறதே, ஏன்?

அது மலப்பானை வைக்கச் செய்த நாற்காலி. 18ஆம் நூற்றாண்டில் படுக்கையறை மூலை நாற்காலிகள் பலவும் அப்படித்தான். பானையை மறைக்க 20 செ.மீ. வரை ஆழமான அலங்காரச் சட்டம் வைத்தார்கள். உள்பக்கம் பானைப் பலகை உட்கார்ந்த கட்டைகளோ, அவை இருந்த ஆணித் துளைகளோ தெரியும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழுசாக இருந்தால் அதுவே அதன் மதிப்பு. வருத்தம் தருவது வேறு. பின்னால் வந்த பலர் அந்தச் சட்டத்தை அறுத்துக் குட்டையாக்கி ‘எழுதும் நாற்காலி’ என்று விற்றார்கள். அறுத்ததா என்று பார்க்க, சட்டத்தின் கீழ் விளிம்பைக் கண்ணாடியில் பாருங்கள். மற்ற விளிம்புகள் கறுத்து மழுங்கியிருக்க, இது மட்டும் கூர்மையாக, சாயம் பூசிய நிறத்தில் இருக்கும். சட்டம் காலில் சேரும் இடத்தில் பழைய துளை கீழே நீண்டு, கட்டை வைத்து அடைக்கப்பட்டிருக்கும். அறுத்ததற்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

எந்த மரம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

மேல்நிறத்தை நம்ப வேண்டாம், சாயத்தில் எதுவும் எதுவாகும். தூக்கிப் பாருங்கள். கருங்காலி தண்ணீரில் மூழ்கும் கனம். ஈட்டி தேக்கை விடக் கனம், ஊதா கலந்த பழுப்பில் கறுப்புக் கோடுகள் ஓடும். தேக்கைத் தடவினால் லேசான எண்ணெய்ப் பசை தெரியும். மகோகனி செம்பழுப்பு, ரேகை மெல்லியது. எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியாக இருக்க வேண்டும். வெளிறு உள்ள பக்கத்தில்தான் வண்டு முதலில் இறங்கும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

46 செ.மீ. பக்கமுள்ள இருக்கை என்றால் அதன் மூலைவிட்டம் 65 செ.மீ. வளைந்த கைச்சட்டம் அதற்கும் வெளியே போவதால் மொத்த அகலம் 70 செ.மீ.க்கு வரும். அறை மூலையில் போடும்போது வளைவுதான் முதலில் இரண்டு சுவரையும் தொடும். பின்கால் மூலை வரை போகாது, நடுவே சுமார் 15 செ.மீ. இடைவெளி விழும். சுவரோடு ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் விடும். அதனால் 5 செ.மீ. தள்ளிப் போட வேண்டும். தரையில் மூலையிலிருந்து 65 செ.மீ. சதுரம் டேப் ஒட்டி, அதன் முன்மூலையிலிருந்து இன்னும் 60 செ.மீ. கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மூலையில் பிளக் பாயின்ட் இருந்தால் மறைந்துவிடும். ஏசி காற்று நேராகப் படும் மூலை வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து முதுகுப்பலகை பிளக்கும்.

உட்கார வசதியாக இருக்குமா? புடவை கட்டுபவர்கள், வயதானவர்கள்?

முன்மூலை இரண்டு தொடைக்கும் நடுவே வரும்படி, முழங்காலை விரித்து உட்காருவதற்காகச் செய்தது. புடவையிலோ வேட்டியிலோ அப்படி உட்காருவது தோதுப்படாது. ஒரு பக்கமாகத் திரும்பி, ஒரு முதுகுப்பலகையில் சாய்ந்து, மறு கைச்சட்டத்தில் கையை வைத்தால் சாதாரண நாற்காலி போலவே இருக்கும். அப்படி உட்காரும்போது இருக்கையின் ஆழம் 46 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் குட்டையானவர்களுக்கு முழங்காலின் பின்புறம் விளிம்பு அழுத்தும்.

முதுகுச்சட்டம் இடுப்புக்குச் சற்று மேலேதான் தாங்கும். அரைமணி, ஒருமணி நேரம் எழுத, படிக்க, செருப்பு மாட்ட நல்லது. டிவி பார்க்கவோ குட்டித் தூக்கம் போடவோ ஆகாது. முழங்கால் வலி உள்ளவர்கள் எழும்போது கை முனை முன்னால் இராது, இடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். இருக்கை 45 செ.மீ. உயரமாவது இருந்தால் எழ முடியும்.

குழந்தைகள் கைச்சட்டத்தில் ஏறி உட்காருவதை விடாதீர்கள். இரண்டு கால்களுக்கு நடுவே அந்த வளைவு கால்களின் பரப்பைத் தாண்டி 10 செ.மீ.க்கு மேல் வெளியே நிற்கிறது. அங்கே எடை விழுந்தால் நாற்காலி சாயும்.

பிரம்பு இருக்கையா, மெத்தையா?

நம் ஊர் வெக்கைக்குப் பிரம்பு. ஆனால் எல்லா நாற்காலியும் பிரம்புக்கு ஏற்றதல்ல. சட்டத்தில் ஏற்கெனவே பிரம்புத் துளைகள் இருந்தால் மட்டும் பின்னுங்கள். மெத்தைக்குச் செய்த பழைய சட்டத்தில் புதிதாகத் துளை போடுவது அதைக் கெடுப்பது. வேண்டுமானால் உள்ளே இறங்கும் இருக்கைச் சட்டத்தை மட்டும் புதிதாகச் செய்து, அதில் பின்னிக்கொள்ளுங்கள். பழைய சட்டத்தைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிடலாம்.

துளைவழியாகக் கையால் பின்னிய பிரம்பு, நேரில் இரண்டு, குறுக்கில் இரண்டு, சாய்வில் இரண்டு என ஆறு இழை ஓடி எட்டுமூலைக் கண் விடும். இயந்திரத்தில் நெய்த பாயை வெட்டிக் காடியில் ஒட்டியதற்குத் துளைகளே இராது. முன்னதில் பிரம்பு தொய்ந்தால், அடிப்பக்கம் மட்டும் ஈரத்துணியால் நனைத்து ஓர் இரவு காயவிடுங்கள், இறுகும். நைலான் ஒயர் பின்ன வேண்டாம். பிரம்பை விட இறுக்கமாக இழுக்கும், துளைக்குத் துளை விரிசல் ஓடிச் சட்டமே பிளக்கும்.

மெத்தை என்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய துணிக்கு மேலேயே புதுத்துணி போடும் பழக்கம் மெத்தைக்காரர்களிடம் உண்டு. இருக்கைப் பெட்டி நான்கு பக்கமும் 3 மி.மீ. இடைவெளியோடு இறங்க வேண்டியது. இரண்டு அடுக்குத் துணி ஏறினால் ஆப்பு வைத்தது போல இறுகும். அதை அடித்து இறக்கியதும் சட்டத்தின் மூட்டுகள் வெளியே தள்ளப்படும். இருக்கை இரண்டு விரலால் தூக்க வருகிற அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும்.

அடியில் சின்னச் சின்ன ஓட்டை இருக்கிறது. வாங்கலாமா?

ஓட்டை பழையதா, வண்டு உள்ளே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 1 முதல் 2 மி.மீ. வட்டத் துளையின் உள்சுவர் கறுத்து, தூசி அடைத்திருந்தால் பழையது. உள்ளே வெளுப்பாக, தட்டினால் மாவு கொட்டினால் வண்டு வேலை செய்கிறது. சந்தேகமாக இருந்தால் நாற்காலியின் அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். அதுவரை மற்ற மரச்சாமான்களோடு சேர்க்க வேண்டாம்.

வண்டுக்குப் போரான் உப்புக் கரைசல் நல்லது, ஆனால் பாலிஷ் போட்ட மரத்தில் இறங்காது. பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்திலும் சட்டத்தின் உள்புறத்திலும் தூரிகையால் இரண்டு மூன்று தடவை பூசி, பெரிய துளைகளில் ஊசியால் விடுங்கள். மண்ணெண்ணெய் பூசும் வழக்கம் வேண்டாம். வாடை போகாது, தீப்பிடிக்கும், பாலிஷும் கெடும். பாதத்தில் குத்தூசி அரை செ.மீ. இறங்கினால் உள்ளே உளுத்துவிட்டது, அந்த நாற்காலி வேண்டாம்.

மூட்டு தளர்ந்தால் வீட்டிலேயே ஒட்டலாமா?

ஒன்றிரண்டு மூட்டு என்றால் ஒட்டலாம். பழைய நாற்காலிகள் எல்லாம் வச்சிரத்தால், அதாவது விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த பசையால் ஒட்டியவை. வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். அதுதான் அதன் நற்குணம், மரத்தை உடைக்காமல் பிரிக்கலாம். வெந்நீரில் நனைத்த துணியை மூட்டில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்து, ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டினால் கழன்று வரும். எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று காகிதப் பட்டையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பழைய பசையை வெந்நீரால் துடைத்து எடுங்கள், உளியால் சுரண்டினால் நாக்கு மெலிந்து பிறகு எப்போதும் நிற்காது.

வச்சிரத்தை இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 டிகிரிச் சூட்டில் உருக்குங்கள். கொதித்தால் வலு போய்விடும். தடவியதும் சேர்த்து அழுத்த வேண்டும். வளைந்த கைச்சட்டத்தில் கிளாம்ப் நிற்காது, நழுவும். பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டையாகக் கிழித்து இறுக்கச் சுற்றி ஒருநாள் விடுங்கள்.

ஃபெவிகால் போட்டால் என்ன என்று கேட்பார்கள். அது பழைய வச்சிரத்தின் மேல் சரியாகப் பிடிக்காது. பிடித்துவிட்டால் அடுத்த முறை பிரிக்கும்போது மரம்தான் கிழியும். மூட்டில் ஆணி அடிப்பது அதைவிட மோசம்.

பாலிஷைச் சுரண்டிப் புதிதாகப் போடலாமா?

வேண்டாம். நூறு வருடக் கைபட்ட மினுக்கு சுரண்டினால் திரும்ப வராது, விற்கும் விலையும் சரியும். முதலில் மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். பிசுபிசுத்து நிறம் ஏறினால் அது அரக்குப் பாலிஷ். அதன் மேலேயே மெல்லிய அரக்குப் பூச்சு கொடுத்துச் சரிசெய்யலாம். பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் போட்டு மூடினால் பிறகு யாராலும் பழுது பார்க்க முடியாது.

தினசரிக்கு உலர்ந்த பருத்தித் துணி, செதுக்கலுக்கு மென்மையான தூரிகை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேன்மெழுகு. தேங்காய் எண்ணெய் பூசினால் சிக்குப்பிடித்து அழுக்கை இழுக்கும்.

ஜோடியாகத்தான் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒற்றையாகத்தான் செய்தார்கள். ‘பழைய ஜோடி’ என்று யாராவது காட்டினால் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் பின்னால் செய்திருக்க வாய்ப்பு அதிகம்.

புதிய நகல் வாங்கினால் தவறா?

தவறே இல்லை, நகல் என்று சொல்லி நகலின் விலைக்கு விற்றால். ஜோத்பூரிலும் இந்தோனேசியாவின் ஜெப்பாராவிலும் இந்த வடிவங்களைச் செய்கிறார்கள். வாங்கும்போது மூட்டு நாக்கும் துளையுமாக இருக்கிறதா, வெறும் திருகாணியா என்று பாருங்கள். ஈரமானி இருந்தால் மரத்தில் குத்திப் பாருங்கள். 16 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மரம் சரியாகக் காயவில்லை, ஏசி அறையில் விரியும்.

ஆன்லைனில் வாங்கும்போது என்னென்ன படம் கேட்பது?

கவிழ்த்து எடுத்தது, இருக்கையை எடுத்துவிட்டு உள்மூலை நான்கும், மேலிருந்து கைச்சட்டம் முழுதும், பின்பக்கம், ஒவ்வொரு பாதமும், டேப் வைத்த இருக்கை உயரம். இருக்கை கழலாது என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அனுப்பும்போது இருக்கையைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். நாற்காலியைத் தூக்குவது எப்போதும் இருக்கைச் சட்டத்தைப் பிடித்துத்தான், கைச்சட்டத்தைப் பிடித்து அல்ல.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அனுப்பலாமா?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறு ஆண்டைத் தாண்டிய கைவினைப் பொருள் தொல்பொருளாகலாம். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நாற்காலி அவ்வளவு பழையதல்ல என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்குங்கள். இலங்கையிலும் தொல்பொருளை வெளியே கொண்டுபோகத் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஈட்டி மரத்துக்கு இன்னொரு தடை உண்டு. அந்த மரத்தின் பேரினம் ஏறக்குறைய முழுவதும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அதற்கான தாள்கள் இல்லாமல் சுங்கத்தில் நின்றுவிடலாம். வாங்கும்போதே மரத்தின் பெயர், தோராயக் காலம், செய்த பழுதுகள் மூன்றையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.